நாயின் உடலில் உள்ள சிப், நாய் இருக்கும் இடத்தைக் காட்டாது

"நாய்க்கு மைக்ரோசிப் போட்டுவிட்டால், திருடு போனாலும் கைபேசியில் அது இருக்கும் இடம் தெரியும், கழுத்துப்பட்டை கூடத் தேவையில்லை." சென்னை மாநகராட்சி வளர்ப்பு நாய்களுக்கு உரிமத்தோடு சிப்பையும் கட்டாயமாக்கியதிலிருந்து இப்படி ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது தவறு.

அரிசி அளவே உள்ள அந்தச் சிப்பில் பேட்டரி கிடையாது, ஜிபிஎஸ்ஸும் கிடையாது. உள்ளே இருப்பது 15 இலக்க எண் மட்டும். சந்தேகம் இருந்தால் கால்நடை மருத்துவரிடம் கேட்டுப் பாருங்கள். ஸ்கேனரை நாயின் தோள்பட்டைகளுக்கு நடுவே, உடலை ஒட்டிப் பிடித்தால் 'பீப்' என்ற ஒலியுடன் எண் திரையில் வரும். நாலடி தள்ளி நின்றால் ஒன்றும் வராது. அப்படியிருக்க, வேளச்சேரியில் தொலைந்த நாயைத் தாம்பரத்திலிருந்து எப்படிப் பார்ப்பது?

சிப் வீண் என்று சொல்லவில்லை. யாராவது நாயைப் பிடித்து மருத்துவமனைக்குக் கொண்டுவந்தால், அந்த எண்ணோடு பதிவாகியுள்ள விவரம்தான் உங்களைத் தேடித் தரும். பதிவில் உள்ள தொலைபேசி எண் பழையதாக இருந்தால் அதுவும் நடக்காது. தொலைபேசி எண்ணை மாற்றியவர்கள் பலரும் அதைப் பதிவில் திருத்த மறந்துவிடுகிறார்கள். தெருவில் நாயைப் பார்ப்பவரிடம் ஸ்கேனர் இருக்காது. அவருக்குக் கழுத்துப்பட்டையில் பொறித்த தொலைபேசி எண்தான் உதவும். ஆகவே பட்டையைக் கழற்றாதீர்கள்.

இடம் காட்டும் கருவி வேண்டுமென்றால் பட்டையில் மாட்டும் ஜிபிஎஸ் தனியாகக் கிடைக்கிறது. அதற்கு அவ்வப்போது சார்ஜ் ஏற்ற வேண்டும். நாய் திருடு போனால் உடனே காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள், சிப் எண்ணையும் எழுதுங்கள்.

அந்தச் செய்தி உங்களுக்கு வந்தால் தயவுசெய்து பிறருக்கு அனுப்பாதீர்கள்.