பழைய படகில் பார்க்க வேண்டியது உடலின் தடிமன் மட்டுமன்று

பழைய பாய்மரப் படகுகள் இரண்டில் எதை வாங்கலாம் என்று தம்பி ஒருவர் கேட்டிருந்தார். 1978ஆம் ஆண்டுப் படகின் ஃபைபர் உடல் தடிமனானது, அதைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்றும், 1989ஆம் ஆண்டுப் படகின் அடியில் கொப்புளங்கள் இருப்பதால் அது தேறாது என்றும் அதற்குப் பதிலாக ஐயா ஒருவர் எழுதியிருப்பது, வாங்கவிருக்கும் அந்தத் தம்பியைத் தவறான முடிவுக்குக் கொண்டுபோய்விடும்.

அக்காலப் படகுகளின் உடல் பெரும்பாலும் தடிமனானது என்பது உண்மைதான். ஆனால் பழைய படகில் பணத்தை விழுங்குவது பல நேரங்களில் மேல்தளமே. அங்கே இரண்டு ஃபைபர் படலங்களுக்கு நடுவில் பால்சா மரம் வைத்திருப்பார்கள். கைப்பிடிகளைப் பொருத்திய திருகுத் துளைகள் வழியே நீர் இறங்கினால், அம்மரம் வெளியே தெரியாமலே உளுத்துப்போகும். ஸ்க்ரூடிரைவரின் பிடியால் தளம் முழுவதும் தட்டிப் பார்த்தால், நல்ல இடம் கணீரென்றும் உளுத்த இடம் மொத்தென்றும் ஒலிக்கும்.

கொப்புளங்கள், ஃபைபருக்குள் நீர் ஊறுவதால் வருபவை. ஆழமாகப் பரவாதவரை அவை படகை மூழ்கடிப்பதில்லை. விலையைக் குறைத்துப் பேச உதவும், அவ்வளவே.

பாய்மரத்தைத் தாங்கும் எஃகுக் கம்பிகளைப் பற்றி ஐயா ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அவற்றை 10 முதல் 15 ஆண்டுகளுக்குள் மாற்றுவது வழக்கம். உதாரணமாக, தென்னாப்பிரிக்கக் கரையோரம் டர்பனிலிருந்து ஈஸ்ட் லண்டன்வரை, சுமார் 250 கடல் மைலுக்கு, ஒதுங்கத்தக்க துறைமுகம் இல்லை. அக்கரையோரம் தென்மேற்கு நோக்கி ஓடும் அகுல்ஹாஸ் நீரோட்டத்துக்கு எதிராகத் தென்மேற்குக் காற்று எழுந்தால் அலைகள் செங்குத்தாகிவிடும். அந்நேரத்தில் கம்பி அறுந்தால் உடலின் தடிமன் பாய்மரத்தை நிறுத்தி வைக்காது.

ஆகவே இரண்டு படகுகளையும் கரையேற்றி, விற்பவருக்குச் சம்பந்தமில்லாத, படகுகளைப் பரிசோதிக்கும் சர்வேயரிடம் காட்டுங்கள். கம்பி மாற்றிய ரசீது இல்லாத படகின் விலையோடு அந்தச் செலவையும் கூட்டிய பிறகே ஒப்பிடுங்கள்.