பிறந்தநாள் உடையைப் பிள்ளைக்குத் தெரியாமல் தைக்காதீர்கள்

பிள்ளைகளின் பிறந்தநாளுக்கு வீட்டிலேயே உடை தைத்து, கேக்கும் செய்கிற பெற்றோர் பலரிடம் ஒரு பழக்கத்தைப் பார்க்கிறேன். பிள்ளை தூங்கிய பிறகுதான் தையல் இயந்திரத்தின் உறையைக் கழற்றுகிறார்கள். கேக்கும் அப்படித்தான். பிள்ளை பள்ளிக்குப் போன நேரம் பார்த்துச் செய்து, ஒளித்து வைத்து, மாலையில் எடுத்து நீட்டுகிறார்கள். எல்லாம் அந்தச் சின்ன முகத்தில் ஒரு நொடி மலரும் வியப்புக்காக. அந்த ஆசை எனக்கும் புரிகிறது. ஆனாலும் இந்த ரகசியம் வேண்டாம் என்பதே என் கட்சி.

தைத்து முடித்து, இஸ்திரி போட்டு, மடித்துக் கையில் கொடுத்த உடை பிள்ளைக்குக் கடையிலிருந்து வந்த உடையைப் போலத்தான் தோன்றும். "அம்மா தைத்தது" என்று நாம் சொல்லித்தான் அதற்குத் தெரியவே வருகிறது. இரவெல்லாம் கண்விழித்துச் செய்த வேலையில் பிள்ளைக்குப் பிடித்துப்போகக்கூடிய பகுதி எதுவோ, அதைத்தான் நாம் மறைத்துவிடுகிறோம்.

என் மகளுக்கு உடை தைக்கும் வேலை, துணியைத் தண்ணீரில் நனைப்பதிலிருந்து தொடங்கும். பருத்தி முதல் சலவையில் சுருங்கும். தைத்த பிறகு சுருங்குவதைவிட வெட்டுவதற்கு முன் சுருங்கிவிடுவது நல்லது. புதுத் துணியை ஏன் நனைக்கிறாய் என்று அவள் ஒவ்வொரு முறையும் கேட்பாள், நானும் ஒவ்வொரு முறையும் சொல்வேன். அடுத்து அளவு எடுப்பது. மார்பளவு எவ்வளவோ அவ்வளவுக்கே வெட்டினால் கை தூக்க முடியாது, ஓட முடியாது. தளர்வுக்கென்று சில சென்டிமீட்டர் கூட்டிக்கொள்ள வேண்டும். அளவு நாடாவைப் பிடித்து எண்ணைப் படிப்பது அவள் பொறுப்பு.

அவளுக்கு மிகப் பிடித்த வேலை ஃபிரில் வைப்பது. இயந்திரத்தில் தையலின் நீளத்தைக் கூட்டி, துணியின் ஓரத்தில் இரண்டு வரிசை இணையாக ஓட்டிவிட வேண்டும். நூலின் முனைகளை முடிச்சுப் போடாமல் நீளமாகத் தொங்க விட வேண்டும். பிறகு இரண்டு வரிசைகளிலும் துணியின் அடிப்பக்கம் ஓடும் பாபின் நூல்களைச் சேர்த்துப் பிடித்து மெல்ல இழுத்தால், தட்டையாகக் கிடந்த துணி கண்ணெதிரே அலை அலையாகச் சுருங்கிக்கொண்டு வரும். ஒரே வரிசை ஓட்டினால் சுருக்கங்கள் இப்படியும் அப்படியும் புரளும். இரண்டு இருந்தால்தான் சீராக நிற்கும். நூலை அவளிடமே கொடுத்துவிடுவேன். வெடுக்கென்று இழுத்தால் அறுந்துவிடும் என்பது அவளுக்குத் தெரியும். நாக்கின் நுனியை உதட்டோரம் துருத்திக்கொண்டு இழுப்பாள். ஓரிடத்தில் குவிந்த சுருக்கத்தை விரலால் தள்ளிப் பரப்புவாள். பிறந்தநாளன்று வந்தவர்கள் "அழகான உடை" என்றபோது அவள் சொன்ன பதில்: "இந்தச் சுருக்கமெல்லாம் நான் இழுத்தது." இந்தப் பதிலை ரகசியமாகத் தைத்த எந்த உடையும் வாங்கித் தராது.

பாதி தைத்த உடை பார்க்க நன்றாக இருக்காது. உள்பக்கம் வெளியே, சாக்குக்கட்டிக் கோடுகள், குண்டூசிகள், ஒரு கை இருக்கும், இன்னொன்று இருக்காது. முதல் முறை அதைப் பார்த்துவிட்டு அவள் முகம் வாடிப்போனது. "இது உடை மாதிரியே இல்லையே அம்மா" என்றாள். அந்த வாட்டமும் அவளுக்குக் கிடைக்க வேண்டியதுதான் என்று நினைக்கிறேன். இப்போதெல்லாம் தான் வரைந்த படம் பாதியில் அலங்கோலமாக இருந்தால் கிழித்துப் போடுவதில்லை, இன்னும் முடியவில்லை என்று சொல்கிறாள்.

மகனின் விருப்பங்கள் வேறு வகை. அவனுக்கு முதலை வேடம் வேண்டும், வால் தரையில் இழுபட வேண்டும். பஞ்சை நிறைய அடைத்தால் வாலின் கனம் கால்சட்டையைக் கீழே இழுக்கும். அதனால் பஞ்சைக் குறைத்து, வாலைத் தனியாக ஒரு இடுப்புப் பட்டையில் தைத்தோம். கேக்கோ, சாம்பல் நிற யானையாக இருக்க வேண்டும் என்றான். என்னைக் கேட்டால் சாம்பல் நிறத்தில் கேக்கே செய்ய மாட்டேன். ஆனால் பிறந்தநாள் அவனுடையது. வெண்ணெய்க் கிரீமில் கறுப்பு நிறத்தைத் துளித்துளியாகக் கலந்தோம்; நேரம் ஆக ஆக நிறம் அடர்ந்துகொண்டே போகும் என்பதால் வேண்டிய நிறம் வருவதற்குச் சற்று முன்பே நிறுத்திவிட வேண்டும். பெற்றோரின் ரசனைக்கும் புகைப்படத்துக்கும் ஏற்றபடி செய்துவிட்டு, பிள்ளை துள்ளிக் குதிக்கவில்லையே என்று வருந்துவது நியாயமே இல்லை. கேட்டதைச் செய்துகொடுங்கள்.

இன்று நாம் எளிதாக எடுத்துப் பயன்படுத்தும் சில பொருள்களே இப்படி ஒருவர் வீட்டுத் தேவையைக் கேட்டுக்கொண்டதால் வந்தவைதான். ஆல்ஃபிரட் பேர்ட் என்ற ஆங்கிலேய மருந்தாளுநரின் மனைவிக்கு முட்டையும் ஈஸ்ட்டும் ஒத்துக்கொள்ளாது. அவருக்காக முட்டையில்லாத கஸ்டர்டு பவுடரை 1837-இலும், ஈஸ்ட் இல்லாமலே ரொட்டி உப்புவதற்கான பேக்கிங் பவுடரை 1843-இலும் உருவாக்கினார். அமெரிக்கத் தையற்காரர் எபனேசர் பட்டரிக் 1863-இல் பல அளவுகளில் வெட்டிய காகித மாதிரிகளை விற்கத் தொடங்கினார். தன் மகனுக்கு உடை வெட்டும்போது அளவை மாற்றுவது பெரும்பாடாக இருக்கிறது என்று மனைவி எல்லன் சொன்னதுதான் தொடக்கம் என்பார்கள். இதை என் மகனிடம் சொல்லியிருக்கிறேன். ஊசி நூல் பெண்களுக்கானது என்று யாராவது அவனிடம் சொன்னால் பட்டரிக்கின் பெயர் அவன் நினைவுக்கு வரட்டும்.

அடுப்படிக்கு வருவோம். மென்மையான வெண்ணெயையும் சர்க்கரையையும் சேர்த்து அடிக்கும்போது மஞ்சள் நிறம் வெளுத்துக்கொண்டே வருவதைப் பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள். சர்க்கரைப் பரல்கள் வெண்ணெய்க்குள் காற்றைக் கொண்டுபோய் அடைக்கின்றன. அந்தக் குமிழ்களைத்தான் பேக்கிங் பவுடரிலிருந்து வரும் வாயு பிறகு பெரிதாக்குகிறது. மாவு சேர்த்த பின் அதிகம் கலக்கக் கூடாது, பசைத்தன்மை கூடி கேக் இறுகிவிடும். 180 டிகிரி செல்சியஸில் வைத்த பிறகு அடுப்பின் கண்ணாடிக்கு வெளியே பிள்ளையை உட்கார வையுங்கள், சூடு படாத தூரத்தில். ஓரம் முதலில் எழும்பும், நடு பின்தங்கும், அப்புறம் நடு மேடாகும். இடையில் கதவைத் திறந்தால் முட்டையும் மாவும் இன்னும் இறுகாத நிலையில் சூடு குறைந்து கேக் அமுங்கிவிடும். "திறக்காதே" என்ற கட்டளைக்குக் காரணத்தையும் தெரிந்துகொண்டு காத்திருக்கும் பிள்ளையை அங்கே பார்க்கலாம். கேக் முழுவதும் ஆறிய பிறகுதான் கிரீம் பூச வேண்டும், இல்லையென்றால் வெண்ணெய் உருகி வழியும். முந்தின நாளே கேக்கைச் செய்து வைத்துவிட்டால் இந்த அவசரமே இல்லை.

பிள்ளைகள் கூட இருந்தால் கவனிக்க வேண்டியவை உண்டு. கிண்ணத்தில் ஒட்டிய பச்சை மாவை நக்கக் கொடுக்காதீர்கள். முட்டையில் மட்டுமல்ல, வேகாத மாவிலும் நோய்க்கிருமி இருக்கக்கூடும். வேடத்துக்குத் தைக்கும் மேலங்கியில் கழுத்தைச் சுற்றிக் கயிறு வேண்டாம். 7 வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் உடையில் கழுத்திலும் தலைமூடியிலும் இழுநாடா கூடாது என்று ஐரோப்பியப் பாதுகாப்புத் தரமே (ஈஎன் 14682) சொல்கிறது. எங்காவது மாட்டி இழுத்தால் தானாகப் பிரிந்துவிடும் வெல்க்ரோ போதும். மிகச் சின்னக் குழந்தைக்குப் பட்டனும் மணியும் வேண்டாம், பிய்த்து வாயில் போட்டுக்கொள்ளும்.

முன்பே தெரிந்துவிட்டால் பிறந்தநாளில் என்ன ஆச்சரியம் மிச்சமிருக்கும் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். வியப்பு ஒரு நொடி. எதிர்பார்ப்பு வாரக்கணக்கில் நீள்கிறது. தினமும் பள்ளியிலிருந்து வந்ததும் "இன்று எதுவரை வந்தது?" என்று தையல் மேசைக்கு ஓடிவரும் பிள்ளைக்கு, பிறந்தநாள் என்றைக்கோ தொடங்கிவிட்டது. அது முடிவதும் இல்லை. 2 வயதைத் தாண்டிய பிள்ளைகள் பருவ வயது வரை ஆண்டுக்கு ஏறக்குறைய 5, 6 சென்டிமீட்டர் வளர்கிறார்கள். அதனால் உடையின் கீழே ஆழமாக மடித்துத்தான் தைப்பேன். உள்ளே அந்த மடிப்பு இருப்பதை மகள் பார்த்திருக்கிறாள். எப்போது பிரிப்பாய் என்று கேட்டுக்கொண்டே இருப்பாள்.

இதற்கெல்லாம் நேரம் எங்கே என்பது நியாயமான கேள்வி. வேலைக்குப் போய்வந்து, சமைத்து, பாடம் சொல்லிக்கொடுத்த பிறகு இயந்திரத்தின் முன்னால் உட்கார எல்லாராலும் முடியாது, முடியாதவர்களின் அன்பு குறைந்ததும் அல்ல. உடை, கேக் இரண்டையும் செய்ய வேண்டியதில்லை. கடையில் வாங்கிய சட்டைக்குப் பிள்ளை தேர்ந்தெடுத்த பட்டன்களை அதன் எதிரிலேயே தைத்துக் கொடுங்கள். அல்லது வாங்கிய கேக்கின்மேல் பெயரைப் பிள்ளையையே எழுதவிடுங்கள். எழுத்து கோணலாக வந்தால் அப்படியே விட்டுவிடுங்கள், திருத்த வேண்டாம்.