ஒன்பதும் ஒரே நாள்லயாம்!

கும்பகோணத்தில் எட்டு வருஷம் குடியிருந்தவன் நான். போன வாரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, பையைத் தோளில் மாட்டுவதற்குள் ஒருத்தர்: "சார், நவக்கிரகமா? ஒன்பதும் ஒரே நாள்ல முடிச்சிரலாம்." வேண்டாங்க என்று பத்தடி நடந்தால் இன்னொருத்தர். சரி, மகாமகக் குளத்துப் படியில் உட்கார்ந்து பழையபடி 16 மண்டபத்தையும் எண்ணலாம் என்று பார்த்தால், ஏழாவதிலேயே மூக்குக்கு நேரே ஒரு லேமினேட் அட்டை. சூரியனார்கோயில், கஞ்சனூர், ஆலங்குடி, திருநாகேஸ்வரம்... அய்யா, இதெல்லாம் நான் டவுன் பஸ்ஸில் தொங்கிக்கொண்டே போன ஊருங்க! திருவையாறு பக்கத்துத் திங்களூர் எங்கே, காரைக்கால் பக்கத்துத் திருநள்ளாறு எங்கே? இப்படி ஓடினால் சாமியைப் பார்ப்பதா, கடிகாரத்தைப் பார்ப்பதா?

கடுப்பில் காபி குடிக்கப் போனேன். ஹைவே முழுக்க கும்பகோணம் டிகிரி காபி போர்டு. கும்பகோணத்திலோ, பளபளவென்று பித்தளை டபரா, மேலே இரண்டு விரக்கடை நுரை, கீழே கலங்கிய வெந்நீர்.

(வெற்றிலை மட்டும் அதே கொழுந்து. அதைச் சொல்லியே ஆகணும்.)

"எந்த ஊர்லேர்ந்து வர்றீங்க சார்?" என்றார் கல்லாவில் இருந்தவர்.

"இதே ஊர்தான். மடத்துத் தெருவுல இருந்தேன்."

"அப்படியா! நவக்கிரகம்லாம் பார்த்தாச்சா?"