கதவைத் தட்டும் நேரம் முக்கியம்

சென்னை மாநகராட்சியே பணம் ஒதுக்கி, வார்டு வாரியாகக் குழந்தைப் பராமரிப்புத் தேவையைக் கணக்கெடுக்க வேண்டும் என்று நான் படித்த ஒரு கட்டுரை சொல்வது சரிதான். ஆனால் கணக்கெடுப்பவர்கள் பகல் 11 மணிக்கு வந்து கதவைத் தட்டினால் வீட்டில் யார் இருப்பார்கள்? எங்கள் தெருவில் வீட்டுவேலைக்குப் போகும் அக்கா ஒருவர் காலை 6 மணிக்கே கிளம்பிவிடுவார். ஒன்றரை வயதுப் பையனைப் பார்த்துக்கொள்வது ஆறாவது படிக்கும் மூத்த பெண்தான். யூனிஃபார்ம் போட்டு, ஜடை பின்னி, தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்பாள். அம்மா வந்தால்தான் பள்ளிக்கூடம். அங்கன்வாடியில் கேட்டால், “இரண்டு வயசு முடியட்டும்மா” என்கிறார்கள்.

50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்று 2017-இல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தினார்கள். சரி, நாலு வீட்டில் பாத்திரம் தேய்ப்பவருக்கு எது நிறுவனம்? ‘எத்தனை குழந்தைகள்’ என்று மட்டும் எழுதிக்கொண்டு போகாமல், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை ஆள் வேண்டும் என்றும் கேட்கட்டும். அப்புறம், வாசலில் நிற்கும் அந்தப் பெண்ணிடமும் ஒரு வார்த்தை கேட்கலாம்.