கூவித்தான் விற்கிறேன்

ஞாயிற்றுக்கிழமை இலக்கியக் கூட்டத்தில் அந்த மூத்த எழுத்தாளர் பேசியதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். அந்த வீடியோவை எனக்கு மட்டும் ஒன்பது பேர் அனுப்பிவிட்டார்கள். இப்போதெல்லாம் எழுத்தாளர்கள் ஃபேஸ்புக்கில் புத்தகத்தைக் கத்தரிக்காய் மாதிரி கூவிக் கூவி விற்கிறார்களாம். அரங்கமே கைதட்டியது. அவர் என் பெயரைச் சொல்லவில்லை. முன்வரிசையில் இரண்டு பேர் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

ஆமாம், கூவித்தான் விற்கிறேன். எழுதுவது என் வேலை. எழுதியதை வாசிக்கிறவர் கையில் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் என் வேலை.

2018-ல் என் முதல் நாவல் வந்தது. சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடுகிற பெண்களின் கதை, நான்கு வருட உழைப்பு. 300 பிரதி போட்டார்கள். அதில் 100 பிரதியை நானே விலைக்கு எடுத்துக்கொள்ள வேண்டும் என்றார்கள். வளையலை அடகு வைத்து எடுத்தேன். ஒன்றரை வருடத்தில் விற்றது 11. மீதி கட்டிலுக்கு அடியில் கிடந்தது. அந்த மழைக்காலத்தில் கீழ்ப்பெட்டியில் ஓதம் ஏறி, அட்டையெல்லாம் உப்பிப்போயின. நல்ல எழுத்து தானாக வாசகரைத் தேடிப் போகும் என்கிறார்களே, என் எழுத்து அந்தக் கட்டிலைத் தாண்டவில்லை.

அப்புறம்தான் வெள்ளிக்கிழமை தோறும் ஃபேஸ்புக்கில் எழுத ஆரம்பித்தேன். 'என் நாவலை வாங்குங்கள்' என்று அல்ல. பாட்டி முடிச்சுப் போட உட்காரும் இடம், நூல் அறுத்த விரல், நாற்பது வயதிலேயே மங்கிப்போன கண், இவற்றைப் பற்றி. 'எங்கள் அப்பத்தாவும் இதைத்தான் செய்தாள்' என்று முன்பின் தெரியாதவர்கள் வந்து எழுதினார்கள். மூன்றாவது மாதம் ஒருவர், 'இதெல்லாம் புத்தகமா இருக்கா?' என்று கேட்டார். அங்கிருந்துதான் எல்லாம்.

இன்று என்னைப் பின்தொடர்கிறவர்கள் 9,400 பேர். இரண்டாம் நாவலுக்கு முன்பணம் அனுப்பியவர்கள் 212 பேர். இந்த இரண்டு எண்ணுக்கும் உள்ள தூரம் எனக்குத் தெரியும். அதனால்தான் வாங்கியவர் பெயர், ஊர், பின்கோடு, எந்தப் புத்தகம் என்று ஒரு நீள நோட்டில் எழுதி வைக்கிறேன். ஃபேஸ்புக் கணக்கு நாளைக்கே முடங்கலாம், நோட்டு என்னிடம் இருக்கும்.

'இலக்கியத்தை வியாபாரமாக்கலாமா?' என்று கீழே கமெண்டில் ஒருவர் வந்து கேட்பார். 1920-ல் பாரதி, தன் எழுத்தையெல்லாம் நாற்பது புத்தகமாகப் போடத் திட்டமிட்டு, கடனாகப் பணம் அனுப்பச் சொல்லி நண்பர்களுக்கு எழுதினார். புத்தகத்துக்குப் பத்தாயிரம் பிரதி என்று கணக்கே போட்டார். மண்ணெண்ணெய், தீப்பெட்டி போலத் தன் நூல்கள் விலைபோகும் என்று நம்பினார். அது நடக்காமலே 1921-ல் போய்விட்டார். 1959-ல் 'எழுத்து' பத்திரிகை தொடங்கிய சி.சு. செல்லப்பா, புத்தகக் கட்டைத் தூக்கிக்கொண்டு கல்லூரி கல்லூரியாக அலைந்தார். அவர்களைச் சொல்லும்போது தியாகம் என்கிறோம். நான் செல்போனில் செய்தால் கத்தரிக்காய் வியாபாரமா?

'லைக்குக்காக எழுத ஆரம்பித்துவிடுவாய்' என்பார்கள். அது நடந்தது, மறைக்கவில்லை. ஒரு பதிவு ஓகோவென்று ஓடியதும் அதே மாதிரி நாலைந்து எழுதினேன், நாவல் எட்டு மாதம் நின்றது. பிறகு நிறுத்திக்கொண்டேன். வார இதழில் தொடர் எழுதியவர்கள் வாசகர் கடிதத்தைப் பார்த்துக் கதையை வளைக்கவே இல்லையா?

அதையும் கேட்டுவிடுகிறேன். மேடையில் பேசினாரே, அவருடைய தொடர்கதை வார இதழில் வந்த காலத்தில் ஓவியர் படம் வரைந்தார், இதழ் போஸ்டர் அடித்தது, பெட்டிக்கடை தோறும் கொடியில் தொங்கியது. அவருக்காகக் கூவ ஒரு நிறுவனமே இருந்தது. இன்றைக்கு ஒரு பதிப்பாளர், கையெழுத்துப் பிரதியைப் பிரிக்கும் முன்பே 'ஃபேஸ்புக்ல எத்தனை பேர் இருக்காங்க?' என்று என்னிடம் கேட்டார். ஆள் சேர்க்காவிட்டால் புத்தகம் வராது, சேர்த்தால் மேடையில் கேலி. நாங்கள் என்னதான் செய்ய?

கூட்டம் முடிந்ததும் டீக்கடையில் இரவு பதினொன்று வரை நிற்கிறார்களே, மதிப்புரை யார் எழுதுவது, அடுத்த கூட்டத்துக்கு யாரைக் கூப்பிடுவது எல்லாம் அங்கேதான் முடிவாகிறது. நான் எட்டே முக்கால் பஸ்ஸைப் பிடிக்க ஓட வேண்டும். எனக்கு இந்த செல்போன்தான் டீக்கடை.

இதைச் சொல்ல வேண்டாம் என்றிருந்தேன். 2018-ல், மேடையில் கேலி பேசிய அவருக்குத்தான் முதல் பிரதியைக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். 'படிச்சிட்டுச் சொல்றேம்மா' என்றார். கூட்டம் முடிந்து நாற்காலி அடுக்கும்போது பார்த்தால், அவர் உட்கார்ந்திருந்த இடத்திலேயே புத்தகம் இருந்தது. எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

புத்தகங்களைக் குறைந்த கட்டணத்தில் அனுப்ப உதவிய பதிவு புத்தக அஞ்சலை 2024 டிசம்பரில் அஞ்சல் துறை நிறுத்தியபோது, அனுப்பும் செலவு என் போன்றவர்கள் தலையில்தான் விழுந்தது. மேடையில் அதற்காக யாராவது கூவியிருந்தால் நானும் கைதட்டியிருப்பேன்.

இன்று இரவு ஏழு பார்சல் கட்ட வேண்டும். ஒன்று பத்தமடைக்கு. அந்த அக்கா தன் அம்மாவுக்காக வாங்குகிறார், அச்செழுத்து ரொம்பப் பொடியாக இருக்குமா என்று இன்பாக்ஸில் கேட்டிருக்கிறார். இல்லைக்கா, கொஞ்சம் பெரிய எழுத்துதான். சாளேசரக் கண்ணாடி போட்டால் நன்றாகத் தெரியும்.