எதற்கெடுத்தாலும் இணையத்தை முடக்குவதா?

எங்கே ஒரு பதற்றம் எழுந்தாலும் முதலில் இணையத்தைத்தான் துண்டிக்க வேண்டுமா? 2018 மே மாதம் தூத்துக்குடித் துப்பாக்கிச் சூட்டில் மக்கள் உயிரிழந்தபோது, உறவினர் உயிரோடு இருக்கிறாரா என்று ஒவ்வொரு வீடும் தவித்த நேரத்தில், திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களையும் சேர்த்து இணையத்தை முடக்கினார்கள். காஷ்மீரில் 2019 ஆகஸ்டில் பறிக்கப்பட்ட அதிவேக இணையம் 2021 பிப்ரவரியில்தான் முழுமையாகத் திரும்பியது. ராஜஸ்தானிலோ, 2021இல் ஆசிரியர் தகுதித் தேர்வில் யாரோ சிலர் காப்பி அடித்துவிடுவார்கள் என்று ஊருக்கே இணையத்தை நிறுத்தினார்கள்! கடைக்காரர் பணம் வாங்குவது எப்படி? ஆட்டோக்காரர் சவாரி பிடிப்பது எப்படி? மருத்துவரின் அறிக்கை நோயாளிக்கு வந்து சேர்வது எப்படி?

பொது நன்மைக்காகச் சுதந்திரத்தை விட்டுக்கொடுப்பதே தவறு என்று நான் சொல்லவில்லை. 2020இல் தொற்று பரவியபோது எத்தனையோ பேர் மனமறிந்துதான் வீட்டுக்குள் அடைந்திருந்தார்கள். காரணம் கண்முன்னே தெரிந்தது. இணையத்தை முடக்கும்போதோ காரணமும் தெளிவாக வருவதில்லை, எப்போது திரும்பும் என்பதும் தெரிவதில்லை. முடக்கும் உத்தரவுகளை வெளியிட வேண்டும், தேவைக்கு மிஞ்சித் தடை போடக்கூடாது என்று, காஷ்மீர் முடக்கத்தை எதிர்த்துப் பத்திரிகையாளர் அனுராதா பாசின் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020 ஜனவரியிலேயே கூறிவிட்டது. அதற்குப் பிறகும் உத்தரவின் நகலைத் தேடி அலைய வேண்டுமா? வதந்தியைத் தடுக்கிறோம் என்று சொல்லி, அதை மறுப்பதற்கு இருக்கும் வழியையும் அடைத்துவிட்டால், பயந்து கிடப்பவர் யாரைக் கேட்டு உண்மையைத் தெரிந்துகொள்வார்?