சோறு எவ்வளவு வேண்டுமானாலும், பொரியல் ஒரு கரண்டி

மதியம் மெஸ்ஸில் சாப்பிடுகிற எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான் இது. சோற்று வாளி மூன்று நான்கு தடவை சுற்றி வரும். வேண்டாம் என்று கையை நீட்டி மறைத்தால்கூட "அட, சாப்பிடுங்க சார்" என்று விரலிடுக்கில் ஒரு கரண்டி விழும். பொரியல் மட்டும் இலை ஓரத்தில் ஒரே ஒருமுறை, அதுவும் சின்னக் கரண்டியில். மறுபடி கேட்டால் பரிமாறுகிற அண்ணன் கல்லாப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் வைப்பார். அவர்மேல் எனக்கு வருத்தமே இல்லை. அவரைக் கல்லாவைப் பார்க்க வைக்கிற கணக்கைப் பற்றித்தான் பேச வேண்டும்.

"வெளியே சாப்பிட்டால் உடம்பு கெட்டுவிடும்" என்று பொத்தாம் பொதுவாகச் சொல்வதை நான் ஏற்கவில்லை. மதுரையிலோ திருச்சியிலோ ஒரு சாதாரண மெஸ்ஸுக்குப் போய் உட்காருங்கள். சாம்பார், ரசம், மோர், ஒரு கூட்டு, ஒரு பொரியல். பருப்பு இருக்கிறது, வேகவைத்த காய் இருக்கிறது, மிளகும் சீரகமும் இருக்கிறது. இதில் எதைத் தப்பு என்று ஒதுக்குவீர்கள்? சமையல் சரியாகத்தான் இருக்கிறது. அளவுதான் தலைகீழ்.

ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதல், தட்டில் பாதி காயும் பழமுமாக இருக்க வேண்டும் என்கிறது. 2000 கலோரி சாப்பிடுகிற ஒருவருக்கு நாளொன்றுக்குக் காய், கீரை, கிழங்கு எல்லாம் சேர்த்து 400 கிராம், பழம் 100 கிராம். மெஸ் பொரியல் என் கண்ணுக்கு ஐம்பது கிராம் தேறினாலே அதிகம். சோறு இலையில் முக்கால்வாசி. சர்க்கரை நோயைப் பற்றி நாடு முழுக்க நடந்த ஐசிஎம்ஆர்-இண்டியாப் ஆய்வின் ஆய்வாளர்கள் 2025இல் சொன்ன கணக்கு ஒன்று உண்டு: நாம் சாப்பிடுகிற கலோரியில் ஏறக்குறைய 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது. நம் பக்கம் அதில் பெரும்பங்கு தீட்டிய வெள்ளை அரிசி. இந்த எண்ணைப் படித்ததும் எனக்கு அந்தச் சோற்று வாளிதான் ஞாபகத்துக்கு வந்தது.

கடைக்காரர் ஏன் இப்படிச் செய்கிறார்? அரிசியைக் களைந்து உலையில் போட்டால் வேலை முடிந்தது. மிஞ்சினாலும் ராத்திரிக்கு ஏதாவது வழி இருக்கும். காய்க்குக் கழுவ ஆள், நறுக்க ஆள், தாளிக்க ஆள். முட்டைக்கோஸ் வாரத்தில் பாதி நாள் வருவதற்குக் காரணம் அதன் ருசி இல்லை, நாலு வெட்டில் நறுக்கி முடித்துவிடலாம் என்பதுதான். வாழைத்தண்டென்றால் நார் எடுக்க வேண்டும், நறுக்கியதும் கறுக்காமல் மோர்த்தண்ணீரில் போட வேண்டும். கீரையென்றால் ஆய்ந்து, மண் போக இரண்டு மூன்று தண்ணீர் அலச வேண்டும். வாழைப்பூவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், ஒவ்வொரு பூவிலும் நரம்பை எடுக்க ஒருவர் காலையிலிருந்து குந்தியிருக்க வேண்டும். பெரும்பாலும் அது கடைக்காரரின் மனைவியோ அம்மாவோதான். இந்த உழைப்பு எதுவும் இன்று மீல்ஸ் விலைக்குள் இல்லை. அதனால் மலிவான சோற்றால் வயிற்றை நிரப்பி அனுப்புகிறார்கள்.

அன்லிமிடெட் சோற்றை நிறுத்தச் சொல்கிறேன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். மார்க்கெட்டில் விடியற்காலையிலிருந்து மூட்டை தூக்கிவிட்டு வருகிறவர் மூன்று வாட்டி சோறு வாங்கிச் சாப்பிடுவது அவர் உடம்புக்கு நியாயமான தேவை. அதில் யாரும் கை வைக்கக் கூடாது. ஆனால் பக்கத்து மேஜையில் ஏசி அறையிலிருந்து எழுந்து வந்து உட்கார்ந்திருக்கிற நமக்கும் அதே அளவு எதற்கு? சாப்பிட்டதும் திரும்பிப் போய் நாற்காலியில்தானே உட்காரப் போகிறோம்!

என் யோசனை சின்னது. விலைப் பலகையில் ஆம்லெட், ஆஃப்பாயிலுக்குக் கீழே இன்னொரு வரி எழுதட்டும்: "கூட்டு, தனிக் கிண்ணம் - 20 ரூபாய்." ஆம்லெட்டுக்குத் தனியாகக் காசு கொடுக்க நாம் யோசிப்பதே இல்லை. சுரைக்காய்க் கூட்டுக்கு மட்டும் "இது மீல்ஸோடு சும்மா வர வேண்டியதுதானே" என்று தோன்றிவிடுகிறது. அந்த நினைப்பு போனால்தான் கீரை ஆய்கிற கைக்குக் கூலி கிடைக்கும், கடைக்காரருக்கும் நல்ல காய் வாங்கத் துணிவு வரும். முந்நூறு ரூபாய் கொடுத்து சாலட் சாப்பிடத் தயாராக இருக்கிற நாம், இந்த இருபது ரூபாயைத் தயங்காமல் கொடுக்கலாம்.

பலகை மாறும்வரை காத்திருக்கவும் வேண்டாம். நான் செய்வதைச் சொல்கிறேன். இலை போட்டதும் "அண்ணே, சோறு பாதி போதும், கூட்டு கூட வைங்க, அதுக்குத் தனியா காசு தர்றேன்" என்று முதலிலேயே சொல்லிவிடுவேன். பாதி சாப்பாட்டில் கேட்டால் தீர்ந்துபோயிருக்கும். அப்புறம் கூட்டையும் பொரியலையும் முதலில் சாப்பிட்டுவிட்டுச் சோற்றில் கை வைக்கிறேன். காயும் பருப்பும் முன்னால் போனால் சாப்பாட்டுக்குப் பின் சர்க்கரை ஏறும் வேகம் குறைகிறது என்று ஆய்வுகளும் சொல்கின்றன. சாப்பாட்டு வரிசையை மாற்றக் காசு எதுவும் செலவில்லை.

பார்சலில் இது இன்னும் சுலபம். சோறு ஒரு பெரிய பொட்டலமாக வரும், இரண்டு பேர் தாராளமாகச் சாப்பிடலாம். நாங்கள் இருவரும் ஒரு சாப்பாடு வாங்கி, மேற்கொண்டு இரண்டு பொரியலும் ஒரு கூட்டும் காசு கொடுத்து வாங்கிக்கொள்கிறோம். குழம்புக்கு வீட்டிலிருந்து எவர்சில்வர் தூக்கு எடுத்துப் போங்கள். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரியிலேயே தடை வந்துவிட்டது, ஆனாலும் கொதிக்கிற சாம்பாரை இன்னும் பல இடங்களில் பையில்தான் கட்டித் தருகிறார்கள். தூக்கை நீட்டினால் எந்தக் கடையிலும் மறுப்பதில்லை, பையில் கட்டுவதைவிட ஒரு கரண்டி கூடவே ஊற்றுகிறார்கள்.